செக் தேசிய ஓபரா எப்படி உருவானது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியன்னாவைத் தலைநகராகக் கொண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசின் ஒரு பகுதியாக இருந்த பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி), செக் மக்கள் தங்கள் மொழியில் பாடப்படும், தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளத்தக்க ஓபராவை, அதாவது பாட்டாலேயே கதை சொல்லும் இசை நாடகத்தை, உருவாக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியைச் செலவிட்டார்கள். அந்த முயற்சி பற்றி இசை ஆர்வலர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இதை வியன்னாவுக்கு எதிரான போராட்டம் என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். "எது நம்முடைய இசை?" என்று செக் மக்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்ட சண்டைதான் இதில் பெரிது.

ஒரு மொழி மறுமலர்ச்சிக்கு ஓபரா ஏன் அத்தனை முக்கியமாகப் பட்டது?

1620இல் வெள்ளைமலைப் போரில் செக் பிரபுக்கள் தோற்ற பிறகு, பொஹீமியாவின் ஆட்சியும் உயர்கல்வியும் நகர வாழ்க்கையும் சிறிது சிறிதாக ஜெர்மன் மொழிக்கு மாறிவிட்டன. செக் மொழி பெரும்பாலும் கிராமத்தவரும் வேலைக்காரர்களும் பேசும் மொழியாக ஒடுங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய மறுமலர்ச்சியில் தோப்ரோவ்ஸ்கி இலக்கணத்தை ஒழுங்குபடுத்தினார். யுங்மன் 1834 முதல் 1839 வரை ஐந்து தொகுதிகளாகச் செக்-ஜெர்மன் அகராதியை வெளியிட்டார். பலாட்ஸ்கி தம் மக்களின் வரலாற்றை எழுதினார். இவையெல்லாம் படித்தவர்களின் மேசையைச் சென்றடைந்தன. அரங்கமோ படிக்காதவரையும் உள்ளே அழைத்தது. அதிலும் ஓபரா அரசவைகளின் கலை, பெருநகரங்களின் கலை. இத்தாலிய மொழியும் பிரெஞ்சும் ஜெர்மனும் பாடும் மேடையில் செக்கும் பாடிவிட்டால், அதைச் சமையலறை மொழி என்று இனி எவரும் ஒதுக்க முடியாது என்று அந்தத் தலைமுறை நம்பியது.

அதற்கு முன் பொஹீமியத் தலைநகர் பிராக்கில் ஓபராவே இல்லையா?

தாராளமாக இருந்தது, மோட்சார்ட்டின் 'தோன் ஜியோவான்னி' 1787இல் முதன்முதலாக மேடையேறியதே பிராக்கில்தான். ஆனால் நகரின் பெரிய அரங்கில் இத்தாலிய, ஜெர்மன் மொழிகளே கோலோச்சின. செக் மொழி நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் ஞாயிறு பிற்பகல் போன்ற ஓரமான நேரங்களே ஒதுக்கப்பட்டன. செக் மொழிப் பிரதிக்கென்றே (ஓபராவில் பாடப்படும் சொற்களின் எழுத்து வடிவமே பிரதி) இசையமைக்கப்பட்ட முதல் ஓபராவாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது 1826இல் ஷ்கிரௌப் இயற்றிய 'திராத்தெனீக்'. உடைந்த பானைகளைக் கம்பியால் கட்டிப் பழுதுபார்க்கும் ஊர்சுற்றித் தொழிலாளி ஒருவனைப் பற்றிய எளிய நகைச்சுவை நாடகம் அது. அது வெற்றி பெற்றாலும் அதைத் தொடர்ந்து ஒரு மரபு உருவாகவில்லை. 1834இல் ஒரு நாடகத்துக்காக அதே ஷ்கிரௌப் மெட்டமைத்த "என் தாயகம் எங்கே" என்னும் பாடல் பிற்காலத்தில் நாட்டுப்பண்ணாகவே ஆயிற்று. ஓபரா நிலைபெறாத இடத்தில் ஒரு தனிப்பாடல் நிலைத்துவிட்டது.

'தற்காலிக அரங்கு' என்று ஏன் ஓர் அரங்குக்குப் பெயர் வந்தது?

தேசிய அரங்கு கட்ட 1840களிலேயே கோரிக்கை எழுந்தது. 1852இல் வல்தாவா ஆற்றங்கரையில் நிலமும் வாங்கப்பட்டது. ஆனால் 1848 புரட்சி ஒடுக்கப்பட்ட பின் வந்த கெடுபிடியான பத்தாண்டுகளில் எதுவும் நகரவில்லை. 1860இல் பேரரசர் அரசியல் உரிமைகளைச் சற்றுத் தளர்த்திய பிறகு, முழு அரங்குக்கான பணம் சேரும்வரை ஒரு சிறிய கட்டடமாவது இருக்கட்டும் என்று அந்த நிலத்தின் ஓரத்திலேயே ஓர் அரங்கு எழுப்பப்பட்டது. 1862 நவம்பர் 18 அன்று அது திறக்கப்பட்டது. மேடை குறுகலானது, வாத்தியக் குழு சிறியது. செக் மொழியில் மூல ஓபராக்கள் இல்லாததால் முதலில் இத்தாலிய, பிரெஞ்சுப் படைப்புகளையே செக்கில் மொழிபெயர்த்துப் பாடினார்கள். இருந்தாலும் அன்றாடம் செக்கில் பாடும் ஒரு குழு, ஊதியம் பெறும் பாடகர்கள், பழகிய பார்வையாளர்கள் ஆகிய மூன்றும் இங்கேதான் முதன்முதலாகச் சேர்ந்தன. என் கணிப்பில் பின்னால் எழுந்த பொன்முடித் தேசிய அரங்கைவிட இந்தச் சிறிய அரங்கே செக் ஓபராவின் உண்மையான பிறப்பிடம்.

ஹர்ராக் போட்டி என்பது என்ன?

பாடக் குழு இருக்கிறது, பாட ஓபரா இல்லை என்ற நிலையை மாற்ற, 1861இல் ஹர்ராக் என்ற பிரபு செக் மொழியின் சிறந்த வரலாற்று ஓபராவுக்கும் சிறந்த நகைச்சுவை ஓபராவுக்கும் பரிசு அறிவித்தார். வரலாற்று ஓபரா பொஹீமிய வரலாற்றிலிருந்து எடுக்கப்பட வேண்டும். நகைச்சுவை ஓபரா மக்கள் வாழ்க்கையைக் காட்ட வேண்டும். இசையமைப்பவர் நாட்டுப்பாடல்களைக் கற்றிருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அப்போது ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுத் திரும்பியிருந்த பெட்ரிக் ஸ்மெத்தனா, 'பொஹீமியாவில் பிராண்டன்பர்க்காரர்கள்' என்ற ஓபராவை 1863இல் எழுதி முடித்து அனுப்பினார். நடுவர்கள் முடிவு சொல்ல ஆண்டுக்கணக்கில் தயங்கினார்கள். 1866 ஜனவரி 5 அன்று அது மேடையேறி மக்கள் கொண்டாடிய பிறகுதான் பரிசும் வந்தது. அதே ஆண்டு அவர் தற்காலிக அரங்கின் தலைமை இசை நடத்துநரானார். 1862இலேயே அவர் விரும்பிய அந்தப் பதவி அப்போது மாயர் என்பவருக்குப் போயிருந்தது.

நாட்டுப்பாடல்களைச் சேர்த்தால் தேசிய ஓபரா ஆகிவிடாதா?

இதுதான் அந்தக் காலத்துச் சண்டையின் மையக் கேள்வி. பலாட்ஸ்கியின் மருமகனும் செக் அரசியலின் முன்னணித் தலைவருமான ரீகர், செக் நகைச்சுவை ஓபரா என்றால் அது நாட்டுப்பாடல்களின் மீதே கட்டப்பட வேண்டும் என்று உறுதியாக நம்பினார். ஸ்மெத்தனா அதை ஏற்கவில்லை. பாடல்களைப் பொறுக்கி ஒன்றோடொன்று தைத்தால் கதம்பம்தான் கிடைக்கும், ஒருமையுள்ள கலைப்படைப்பு கிடைக்காது; நாட்டுப்பாடலின் வளைவையும் தாளத்தையும் போலி செய்வதால் தேசிய நடை பிறந்துவிடாது என்பது அவர் கருத்து. நாட்டுப்பாடல் மக்களின் சொத்து என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. மேடைப் பாத்திரம் ஒன்று கோபப்படும்போது, ஏமாறும்போது, பேரம் பேசும்போது அந்தச் சொத்து எப்படிப் பயன்படும் என்பதில்தான் வேறுபாடு.

ஸ்மெத்தனாவின் 'விற்கப்பட்ட மணப்பெண்' ஓபராவைக் கேட்டால் அவர் கண்ட வழி புரியும். போல்கா, ஃபூரியந்த், ஸ்கோச்னா ஆகிய செக் நடனங்கள் அதில் உண்டு. இரண்டுக்கும் மூன்றுக்கும் உரிய தட்டுகள் மாறி மாறி விழுந்து காலை ஏமாற்றும் ஃபூரியந்தில் மட்டும் ஏற்கனவே வழக்கிலிருந்த ஒரு கிராமப் பாட்டின் மெட்டு தெளிவாகத் தலைகாட்டுகிறது. மற்றபடி மெட்டுகள் பெரும்பாலும் அவருடைய சொந்தக் கற்பனையே. ஆனால் கல்யாணத் தரகன் கெட்சால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பேசி ஆளை மடக்கும் பாட்டைக் கேட்கிறவர்கள், இது கிராமத்திலிருந்து எடுத்ததுதான் என்று சத்தியம் செய்வார்கள். இரவல் வாங்காமலே இரவல் போலத் தோன்ற வைத்ததுதான் ஸ்மெத்தனாவின் சாமர்த்தியம்.

ஸ்மெத்தனாவுக்கே செக் மொழி சரியாக வராது என்கிறார்களே, உண்மையா?

பெருமளவு உண்மை. 1824இல் லித்தோமிஷ்ல் நகரில் பிறந்த அவர் ஜெர்மன் வழியில் கல்வி கற்றவர். இளமைக் கால நாட்குறிப்பையும் கடிதங்களையும் ஜெர்மனில்தான் எழுதினார். நடுவயதை நெருங்கும்போது செக் இலக்கணத்தைப் புதிதாகப் படிக்கத் தொடங்கினார்; தம் எழுத்துப் பிழைகளுக்காக நண்பர்களிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். இதைவிட வேடிக்கை, செக் தேசிய ஓபராவின் சிகரங்களாகக் கருதப்படும் 'தாலிபோர்', 'லிபுஷே' இரண்டின் பிரதிகளையும் யோசப் வென்ட்சிக் ஜெர்மன் மொழியில் எழுதினார் என்பதுதான். அவற்றை ஷ்பிண்ட்லர் செக்கில் மொழிபெயர்த்தார். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரு மொழிகளுக்கிடையே வளர்ந்த நகரத்துப் படிப்பாளிகள்தாம் அந்த மறுமலர்ச்சியையே நடத்தினார்கள். வீட்டில் இயல்பாகக் கிடைக்காத மொழியை உழைத்துப் பெற்றுக்கொண்ட தலைமுறை அது.

மொழிபெயர்ப்புப் பிரதியால் இசைக்குச் சிக்கல் வரவில்லையா?

நிறைய வந்தது. செக் மொழியில் சொல்லின் முதல் அசையில் அழுத்தம் விழும். அதே நேரத்தில் குறிலும் நெடிலும் அழுத்தத்தோடு தொடர்பில்லாமல் தனியே இயங்கும். அதனால் அழுத்தமில்லாத அசையும் நெடிலாக இருக்கலாம். ஜெர்மன் சந்தத்துக்குப் பழகியவர்கள் பாட்டின் வலுவான தட்டில் தவறான அசையை உட்காரவைத்துவிட்டால், குறிலை நெடிலாக இழுத்துப் பாடும்போது தமிழ்க் காது கூசுவதைப் போலவே செக் காதும் கூசும். ஸ்மெத்தனாவின் முதல் ஓபராக்களில் இந்தப் பிசகுகள் இருக்கின்றன. கவிஞர் எலிஷ்கா கிராஸ்னோஹோர்ஸ்கா 1871இல் செக் சொற்களை இசையில் அமைக்கும் முறை குறித்துக் கட்டுரை எழுதி இதை வெளிப்படையாக விவாதத்துக்குக் கொண்டுவந்தார். ஸ்மெத்தனா அதைக் கேட்டுக்கொண்டதோடு நிற்காமல், அவரையே தம் பிரதியாசிரியராக்கிக்கொண்டார். 'முத்தம்' (1876), 'இரகசியம்' (1878), 'சாத்தானின் சுவர்' (1882) ஆகிய மூன்றும் அந்தக் கூட்டணியில் பிறந்தவை. 'முத்தம்' ஓபராவில் வரும் தாலாட்டைக் கேட்கும்போது, சொல்லும் மெட்டும் ஒட்டிப் பிறந்தவை என்றே தோன்றும்.

'விற்கப்பட்ட மணப்பெண்' முதல்முறை தோற்றது ஏன்?

1866 மே 30 அன்று அது அரங்கேறியபோது வெயில் கடுமையாக இருந்தது. ஜெர்மன் அரசான பிரஷ்யாவோடு போர் மூளும் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியிருந்தது. அரங்கு நிறையவில்லை. ஜூலை 3 அன்று பொஹீமிய மண்ணிலேயே ஆஸ்திரியப் படை தோற்றது. பிரஷ்யாவின் மூலப் பகுதியான பிராண்டன்பர்க்கிலிருந்து படையெடுத்து வந்தவர்களைச் சாடும் ஓபராவை எழுதியவர் என்பதால் பிரஷ்யர்கள் தம்மைத் தேடக்கூடும் என்று அஞ்சி ஸ்மெத்தனா நகரைவிட்டு வெளியேறினார். மேலும், அன்று மேடையேறியது இன்று நாம் கேட்கும் ஓபரா அல்ல. இரண்டே அங்கங்கள், பாட்டுகளுக்கிடையே பேச்சு வசனம், நடனங்கள் பெரும்பாலும் இல்லை. அவர் அதைப் பலமுறை திருத்தினார். வசனங்களையும் இசையோடு ஓதும் பகுதிகளாக மாற்றிய இறுதி வடிவம் 1870 செப்டம்பர் 25 அன்று அரங்கேறியது. 1882இல் நூறாவது முறையாக மேடையேறிய முதல் செக் ஓபரா இதுவே.

பிரதியாசிரியர் சபினா காவல்துறையின் ஒற்றர் என்பது உண்மையா?

உண்மை. ஸ்மெத்தனாவின் முதல் இரண்டு ஓபராக்களின் பிரதிகளையும் எழுதிய கரேல் சபினா, 1848 புரட்சிக்காரர். மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது குறைக்கப்பட்டு, 1857இல் சிறையிலிருந்து வெளிவந்தவர். அதன் பிறகு வறுமையிலும் கண்காணிப்பிலும் வாழ்ந்த அவர், தம் தோழர்களைப் பற்றியே காவல்துறைக்குத் தகவல் கொடுத்துவந்தது 1872இல் தெரியவந்தது. தேசிய இயக்கத்தவர் அவரை ஒதுக்கிவைத்தார்கள். 1877இல் ஆதரவற்ற நிலையில் இறந்தார். தேசத்தின் மிகவும் பிரியமான ஓபராவின் சொற்கள், தேசத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்று தூற்றப்பட்டவரின் கையிலிருந்து வந்தவை. காதலன் தன் காதலியைப் பணத்துக்கு விற்றுவிட்டதாக ஊரே பழிக்கும் ஒரு கதையை அவர்தான் எழுதினார் என்பதை நினைத்தபடி அந்த ஓபராவைக் கேட்பது சங்கடமான அனுபவம்.

ஸ்மெத்தனாவைச் செக் மக்களே ஏன் எதிர்த்தார்கள்?

1868 மே 16 அன்று தேசிய அரங்கின் அடிக்கல்லைப் பலாட்ஸ்கி நாட்டினார். ரீப் மலை முதலிய வரலாற்றுப் புகழ்பெற்ற இடங்களிலிருந்து கற்கள் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டன. அன்று மாலை 'தாலிபோர்' அரங்கேறியது. பிராக் கோட்டையின் கோபுரத்தில் அடைக்கப்பட்ட வீரன், அவனை மீட்க ஆண்வேடம் பூண்டு வரும் பெண் என்று கதையில் நாட்டுணர்வுக்குக் குறைவில்லை. ஆனால் இசையில் ஓபரா இசையமைப்பாளர் வாக்னரின் வாடை அடிக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. வாக்னர் ஜெர்மன்காரர், அவர் வழியில் போவது துரோகம் என்று குரல் ஆசிரியரும் விமர்சகருமான பிவோதா தொடர்ந்து எழுதினார். அன்று செக் அரசியல், ரீகர் போன்ற 'மூத்த செக்' தலைவர்கள் என்றும் அவர்களை எதிர்த்த 'இளைய செக்' அணி என்றும் பிளவுபட்டிருந்தது. ஸ்மெத்தனா இளையவர் பக்கம். எனவே ஒரு வாத்திய அமைப்பைப் பற்றிய விமர்சனத்துக்குள்ளும் கட்சிக் கணக்கு புகுந்துகொண்டது. கவிஞர் யான் நெருதா உள்ளிட்டோர் ஸ்மெத்தனாவுக்காக வாதாடினார்கள்.

1874 அக்டோபரில் ஸ்மெத்தனாவின் செவிப்புலன் முற்றிலும் போய்விட்டது, பதவியை விட்டார். அவருடைய ஓபராக்களைத் தொடர்ந்து நடத்தும் உரிமைக்கு ஈடாக ஆண்டுக்கு 1,200 குல்டன் (பேரரசின் நாணயம்) தருவதாக அரங்கு ஒப்புக்கொண்டது. அதுவும் ஒழுங்காக வந்து சேரவில்லை. கிராஸ்னோஹோர்ஸ்காவோடு சேர்ந்து எழுதிய மூன்று ஓபராக்களையும் அவர் காதால் கேட்டதே இல்லை.

துவோர்ஷாக்கின் பங்கு என்ன?

பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற துவோர்ஷாக், தற்காலிக அரங்கு திறந்த நாள் முதல் 1871 வரை அதன் வாத்தியக் குழுவில் வியோலா என்னும் தந்திக் கருவியை வாசித்தவர். செக் ஓபரா பிறப்பதை, மேடைக்கு முன் வாத்தியக் குழு அமரும் குழிக்குள் உட்கார்ந்து பார்த்தவர். அவருடைய 'அரசனும் கரி சுடுபவனும்' 1873இல் ஒத்திகைக்கு வந்தபோது, பாட முடியாத அளவுக்குக் கடினம் என்று கைவிடப்பட்டது. அவர் அதே பிரதிக்கு முழுவதும் புதிய இசையை எழுதி 1874இல் மேடையேற்றினார். வாக்னர் வழிக்கும் மக்கள் வழிக்கும் இடையே அந்தத் தலைமுறை பட்ட அவதிக்கு இதைவிட நல்ல சான்று இல்லை. 1901இல் வந்த அவருடைய 'ருசால்கா' இன்று உலக மேடைகளில் நிலைத்திருக்கிறது.

தேசிய அரங்குக்குப் பணம் கொடுத்தது யார்?

மேடையின் முகப்பில் "தேசம் தனக்குத்தானே" என்ற வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஊர் ஊராகச் சேர்த்த சில்லறைக் காசுகளும் சங்கங்களின் வசூலும் அந்த வாசகத்துக்கு நியாயம் செய்கின்றன. எனினும் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பும் நன்கொடை தந்தார் என்பதை மேடைப் பேச்சுகள் சற்றே விழுங்கிவிடும்.

சீத்தெக் வடிவமைத்த கட்டடம் 1881 ஜூன் 11 அன்று, வேலை முழுவதும் முடியாமலே, பட்டத்து இளவரசர் ருடால்ஃபின் வருகைக்காக அவசரமாகத் திறக்கப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று கூரையில் வேலை செய்தவர்களின் கவனக்குறைவால் தீப்பிடித்து, மேல்முகடும் பார்வையாளர் கூடமும் மேடையும் எரிந்தன. தொடர்ந்து 47 நாட்களில் பத்து லட்சம் குல்டன் திரண்டது. மறுகட்டுமானத்தை ஷூல்ட்ஸ் நடத்தினார். 1883 நவம்பர் 18 அன்று அரங்கு மீண்டும் திறந்தது. பழைய தற்காலிக அரங்கின் சுவர்கள் இந்தக் கட்டடத்தின் பின்பகுதிக்குள் இன்றும் அடங்கியிருக்கின்றன.

இரண்டு முறையும் 'லிபுஷே'தான் திறப்பு விழா ஓபராவா?

ஆம். பிராக் நகரின் பெருமையை முன்னறிவித்த தொன்ம அரசி லிபுஷேயின் கதையை ஸ்மெத்தனா 1872இலேயே முடித்துவிட்டார். பிரான்ஸ் ஜோசப் பொஹீமியாவின் மன்னராக முடிசூடினால் அந்த விழாவுக்கு ஆகும் என்ற எண்ணம் இருந்தது. முடிசூட்டு நடக்கவே இல்லை. அன்றாட ஓபராவாக அதை நடத்த ஸ்மெத்தனா மறுத்து, தேசிய விழாக்களுக்கென்றே ஒதுக்கிவைத்தார். ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த அந்த இசை அரங்கேறிய மாலையில், காது கேளாத இசையமைப்பாளருக்கு ஒரு நுழைவுச்சீட்டுகூட ஒதுக்கப்படவில்லை. பிறகுதான் அரங்க இயக்குநரின் இருக்கைப் பகுதிக்கு அழைத்தார்கள். பார்வையாளர்கள் அவரைத் திரும்பத் திரும்ப மேடைக்கு அழைத்துக் கைதட்டினார்கள்; அந்த ஒலியும் அவருக்குக் கேட்டிருக்காது.

லிபுஷேயின் தீர்ப்புக் காட்சிக்கு ஊற்றாக இருந்தது, பழங்காலத்தது என்று 1818இல் வெளிப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதி. அது போலி என்று 1886இல் அறிஞர்கள் கெபவுரும் மசாரிக்கும் வாதிட்டபோது நாடே கொந்தளித்தது. போலி நிரூபணமானதால் ஓபரா கீழிறங்கவில்லை. அதன் நிறைவில் செக் வீரர்கள் ஒவ்வொருவராகத் தோன்றும் தீர்க்கதரிசனக் காட்சிக்கு எந்த ஆவணமும் தேவைப்படவில்லை.

வெளியுலகம் இதை எப்போது கவனித்தது?

1892இல் வியன்னாவில் நடந்த இசை, நாடகக் கண்காட்சிக்குப் பிராக் குழு 'விற்கப்பட்ட மணப்பெண்'ணைக் கொண்டுசென்றது. எந்த நகரத்தின் நிழலிலிருந்து விலக விரும்பினார்களோ, அந்த நகரமே அதைக் கொண்டாடியது. பிறகு ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அது எங்கும் பரவியது. 1897இல் இசை நடத்துநர் மாலர் வியன்னா அரசவை ஓபராவில் 'தாலிபோரை' நடத்தினார். 1884இல் மறைந்த ஸ்மெத்தனா இவற்றைக் காணவில்லை.

'தேசிய ஓபரா' என்பதில் பொஹீமியாவின் கிழக்கே உள்ள செக் பகுதியான மொராவியாவும் சேர்ந்ததா?

எளிதில் சேரவில்லை. மொராவிய இசையமைப்பாளர் யானாச்செக்கின் 'யெனூஃபா' 1904இல் மொராவியாவின் புர்னோ நகரில் அரங்கேறியது. மொராவியக் கிராமத்துப் பேச்சை, செய்யுளாக்காமல் உரைநடையாகவே பாடவைத்த ஓபரா அது. பேச்சின் ஏற்ற இறக்கங்களைக் குறிப்பேட்டில் இசைக்குறிகளாக எழுதிவைத்துப் பழகியவர் யானாச்செக். பிராக் தேசிய அரங்கின் ஓபராத் தலைவர் கோவர்ஷோவிட்ஸ் அதை ஆண்டுக்கணக்கில் ஏற்கவில்லை. கோவர்ஷோவிட்ஸின் ஓபரா ஒன்றை யானாச்செக் முன்பு கடுமையாக விமர்சித்திருந்தார். வாத்திய அமைப்பில் கோவர்ஷோவிட்ஸே கைவைத்துத் திருத்திய பிறகு, 1916இல்தான் பிராக் மேடை அதற்குக் கிடைத்தது. அதற்குள் ஸ்மெத்தனா எதிர்ப்பிலிருந்து மீண்டு அளவுகோலாகவே மாறிவிட்டார். நெயெட்லி என்ற விமர்சகர் அந்த அளவுகோலால் துவோர்ஷாக்கையும் யானாச்செக்கையும் அடித்தார். ஸ்மெத்தனா மீது பிவோதா வீசிய கல்லையே, ஸ்மெத்தனாவின் பெயரால் அடுத்தவர்கள்மீது வீசினார்கள்.

புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

'விற்கப்பட்ட மணப்பெண்'ணின் முன்னிசையிலிருந்து தொடங்குங்கள். தந்திக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவந்து சேர்வதை முதல் முறையிலேயே இரசிக்கலாம். பிறகு இரண்டாம் அங்கத்தில் தரகன் கெட்சாலும் காதலன் யெனீக்கும் பேரம் பேசும் இருவர் பாட்டு. அடுத்து 'தாலிபோரின்' சிறைக் காட்சி. 'லிபுஷே'யை முழுவதும் ஒரே அமர்வில் கேட்க முயல வேண்டாம். அது விழாவுக்காக எழுதப்பட்டது, நகர்வு மெதுவானது. இறுதித் தீர்க்கதரிசனக் காட்சியை மட்டும் முதலில் கேளுங்கள். 'யெனூஃபா'வைக் கேட்கும்போது பிரதியின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.